நீள மேற்கோள் பக்கத்தில் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

இணையப் பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்-இல், நீளமான மேற்கோளுக்கென்று இருப்பது பிளாக்குவோட் (blockquote) என்ற ஒரே டேக்தான். திறக்க ஒன்று, மூட ஒன்று, நடுவில் மேற்கோள். இவ்வளவு எளிதான சங்கதி எத்தனையோ பக்கங்களில் உடைந்து கிடக்கிறது. கோளாறு தோற்றத்தில் தெரிகிறது, காரணம் கட்டமைப்பில் இருக்கிறது. அதனால் பலர் மார்ஜினை (வெளிப்பக்க இடைவெளியை)க் கூட்டிக் குறைத்தே நேரத்தைத் தொலைக்கிறார்கள். பிறருடைய பக்கங்களில் இதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்குப் படிந்துபோன வரிசையைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாசகருக்குப் புரியாவிட்டால், ஒருவர் சொன்னது இன்னொருவர் தலையில் விழும். அது வெறும் அழகுக் குறை இல்லை.

டேக் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

மேற்கோளின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். அங்கே தெரிகிற மரம், பிரவுசர் உங்கள் நிரலைப் படித்து முடித்தபின் தானே கட்டிக்கொண்டது. ‘வியூ சோர்ஸ்’ காட்டுவது சர்வரிலிருந்து வந்த அசல் நிரல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், ஒன்று பிரவுசர் உங்கள் தவறைத் திருத்த முயன்றிருக்கிறது, அல்லது ஜாவாஸ்கிரிப்ட் ஏதோ மாற்றியிருக்கிறது. இந்த ஒரு ஒப்பீட்டிலேயே பாதிக் கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

அப்புறம் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இலவச வேலிடேட்டரில், அதாவது நிரலின் பிழைகளைப் பட்டியலிடும் கருவியில், பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். பட்டியலில் முதலில் வரும் பிழையை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மூடாத ஒரு டேக் அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பிழைகளைக் கிளப்பிவிடும். மேலே உள்ளதைத் தீர்த்தால் கீழே உள்ளவை தாமாகப் போய்விடும்.

இந்த இரண்டும் முடிந்த பிறகுதான், தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் பக்கம் போக வேண்டும்.

## அறிகுறி: மேற்கோள் சாதாரணப் பத்தி போலவே தெரிகிறது

### இன்ஸ்பெக்டில் பிளாக்குவோட் டேக்கே இல்லை என்றால்

எழுதும் கருவியில் ஒட்டும்போது டேக் போயிருக்கலாம். ‘வெறும் உரையாக ஒட்டு’ என்று கொடுத்திருந்தால் எல்லா டேக்கும் கழன்றுவிடும். கருவியின் ஹெச்டிஎம்எல் பார்வைக்குப் போய் கையாலேயே இட்டுச் சேமியுங்கள். பிறகு பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி இன்ஸ்பெக்ட் பாருங்கள்.

பிளாக்குவோட்டுக்குப் பதில் தனிப் பொருள் எதுவும் இல்லாத பொதுப் பெட்டியான டிவ் டேக் இருந்து, அதற்கு மேற்கோள் என்பது போல ஒரு கிளாஸ் பெயர் மட்டும் இருந்தால், அந்தக் கிளாஸுக்கான சிஎஸ்எஸ் வராத இடத்திலெல்லாம் மேற்கோள் மறைந்துவிடும். ஃபீட் ரீடர், மின்னஞ்சல் மடல், பிரவுசரின் ரீடர் பார்வை எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்தான். டிவ்வைத் தூக்கிவிட்டு பிளாக்குவோட் போடுங்கள். கிளாஸ் பெயர் அப்படியே இருக்கட்டும்.

கையால் இட்டும், சேமித்ததும் டேக் மறைந்துபோகிறதா? அப்படியென்றால் சர்வரில் இருக்கும் வடிகட்டி அதைக் களைந்து எறிகிறது. பாதுகாப்புக்காக எந்தெந்த டேக்குகளை அனுமதிப்பது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும். அதை நீங்களாகத் தொடாதீர்கள். தளத்தைப் பராமரிப்பவரிடம் ‘பிளாக்குவோட் டேக்கையும் அதன் சைட் (cite, மூலத்தின் முகவரிக்கான) பண்பையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்’ என்று கேட்டால் போதும். தெரிந்தவருக்குச் சின்ன வேலை. தெரியாமல் கைவைத்தால் தீங்கான நிரல் உள்ளே நுழைய வழி திறந்துவிடும்.

### டேக் இருக்கிறது, தோற்றம் மட்டும் இல்லை என்றால்

பிரவுசர்கள் இயல்பாகவே பிளாக்குவோட்டுக்கு மேலும் கீழும் 1 எம் (எழுத்தளவுக்குச் சமமான அளவு), இடமும் வலமும் 40 பிக்சல் மார்ஜின் கொடுக்கும். பல ரீசெட் கோப்புகள் அதைப் பூஜ்யமாக்கிவிடும். டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பின் அடிப்படைக் கோப்பும் இதைச் செய்கிறது. இன்ஸ்பெக்டில் ஸ்டைல்ஸ் பகுதியில் மார்ஜின் 0 என்று ஏதாவது வரி நிற்கிறதா பாருங்கள். நின்றால் உங்கள் சிஎஸ்எஸ்-இல் மார்ஜினையும் பேடிங்கையும் (உட்பக்க இடைவெளியையும்) நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு கோடு, அதற்கும் உரைக்கும் நடுவே கொஞ்சம் இடம், இவ்வளவே போதும்.

நீங்கள் எழுதிய கிளாஸ் விதி வேலை செய்யவில்லை என்றால், பண்பின் மதிப்பைச் சுற்றியிருக்கும் குறிகளை உற்றுப் பாருங்கள். வேர்ட் மாதிரியான மென்பொருளில் எழுதிவிட்டு நகலெடுத்தால் நேரான " குறி வளைந்த “ ” ஆகிவிடும். பிரவுசருக்கு வளைந்த குறி சாதாரண எழுத்து மாதிரிதான். கிளாஸ் பெயரோடு அதையும் சேர்த்துப் படித்துவிடும். பெயர் பொருந்தாது, விதியும் ஏறாது. கண்ணுக்கு அவ்வளவு எளிதில் படாத கோளாறு இது. நேரான குறியால் மாற்றினால் தீர்ந்தது.

## அறிகுறி: மேற்கோளுக்குப் பிறகு வரும் எல்லாமே உள்ளே தள்ளி நிற்கிறது

மூடும் டேக் விடுபட்டிருக்கிறது, அல்லது எழுத்துப் பிழையோடு இருக்கிறது. பெயர் தப்பாக இருந்தால் பிரவுசர் அந்த மூடும் டேக்கைச் சட்டை செய்யாது.

எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லலாம், இயல்பான மார்ஜின் அப்படியே இருந்தால். பின்னால் வரும் உரை மேற்கோளுக்கு நேராகவே நின்றால் மூடும் டேக் இல்லை. மேற்கோளைவிட இன்னும் 40 பிக்சல் உள்ளே போயிருந்தால், மூட வேண்டிய இடத்தில் சாய்கோடு விட்டுப்போய் இன்னொரு பிளாக்குவோட் திறந்திருக்கிறது.

மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதுபவர்களுக்கு வேறு காரணம். வரித் தொடக்கத்தில் > போட்டு மேற்கோள் எழுதிவிட்டு, வெற்று வரி விடாமல் அடுத்த வரியில் உங்கள் சொந்தக் கருத்தைத் தொடங்கினால், அந்த வரியும் மேற்கோளுக்குள் போய்விடும், அதன் முன்னால் > இல்லாவிட்டாலும்கூட. நடுவில் ஒரு வெற்று வரி கட்டாயம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: இரண்டு பத்தி கொண்ட ஒரே மேற்கோளுக்கு நடுவில் வெறும் வெற்று வரி விட்டால், பொது வரையறையான காமன்மார்க்கின்படி அது இரண்டு தனி மேற்கோளாகிவிடும். ஒன்றாகவே இருக்க வேண்டுமென்றால் நடு வரியிலும் > மட்டும் தனியாக இடுங்கள்.

கட்டுரைப் பக்கத்தைத் தனியாகத் திறந்தால் ஒழுங்காக இருக்கிறது, பல கட்டுரைகளின் முன்னோட்டம் வரும் முகப்புப் பக்கத்தில் மட்டும் கலைந்துபோகிறது என்றால், உங்கள் மேற்கோளில் குற்றம் இல்லை. முன்னோட்டத்துக்காக முதல் சில நூறு எழுத்துகளை வெட்டும் நிரல், மேற்கோளின் நடுவில் வெட்டிவிட்டு மூடாமல் விடுகிறது. அதற்குக் கீழே வரும் எல்லா முன்னோட்டமும் அந்த மேற்கோளுக்குள் சிக்கிக்கொள்ளும். தற்காலிகமாக, முன்னோட்டத்துக்கென்று தனிச் சுருக்கம் எழுதலாம். நிரந்தரத் தீர்வு டெம்ப்ளேட்டில் இருக்கிறது. அதற்கு ஒரு டெவலப்பர் வேண்டும்.

## அறிகுறி: மேற்கோளை அடுத்து வரும் வரிக்கு மட்டும் பத்தியின் தோற்றம் போய்விடுகிறது, அல்லது காரணமில்லாத இடைவெளி தெரிகிறது

இது பலருக்கும் பிடிபடாத கோளாறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி டேக்குக்குள், அதாவது பத்திக்குள், பிளாக்குவோட் வரக்கூடாது. ‘அவர் இப்படிச் சொல்கிறார்:’ என்று ஒரு பத்தியைத் தொடங்கி, அதே பத்திக்குள் மேற்கோளையும் இட்டு, ‘என்று முடிக்கிறார்’ என்று எழுதிப் பத்தியை மூடுவது நமக்கு இயல்பாகத் தோன்றும். தமிழ் வாக்கிய அமைப்பே அப்படித்தான் நம்மை எழுத வைக்கும், ‘என்று’ பின்னால் வருவதால். ஆனால் திறக்கும் பிளாக்குவோட்டைக் கண்டதும், திறந்திருக்கும் பத்தியைப் பிரவுசர் தானாகவே மூடிவிடுகிறது. மேற்கோள் பத்திக்கு வெளியே நிற்கும். பின்னால் வரும் ‘என்று முடிக்கிறார்’ எந்தப் பத்தியிலும் சேராத அனாதை உரையாகிவிடும். கடைசியில் நீங்கள் இட்ட மூடும் பி டேக்குக்கு ஜோடி இல்லாததால், அந்த இடத்தில் ஒரு காலிப் பத்தியைப் பிரவுசர் தானே உருவாக்கும்.

சோதனை எளிது. இன்ஸ்பெக்டில் மேற்கோளுக்குக் கீழே எந்த டேக்கும் இல்லாமல் வெறும் உரையும், அதற்குக் கீழே ஒரு காலி பி-யும் தெரிகிறதா? வியூ சோர்ஸில் அந்தக் காலி பி இல்லையா? அப்படியானால் இதுவேதான்.

பத்திகளுக்கு வெறும் மார்ஜின் மட்டும் இருக்கும் தளத்தில் காலிப் பத்தி கண்ணுக்குத் தெரியாது. அதன் மார்ஜின் பக்கத்து மார்ஜினோடு கலந்துவிடும். பத்திக்குப் பேடிங் கொடுத்திருந்தாலோ, சுற்றியுள்ள பெட்டி சிஎஸ்எஸ்-இன் ஃபிளெக்ஸ் அல்லது கிரிட் என்ற அடுக்கு வகையாக இருந்தாலோ கலக்காது, விநோதமான இடைவெளி கிளம்பும். பழைய வடிவமைப்பில் ஒழுங்காக இருந்தது புது வடிவமைப்புக்கு மாறியதும் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

தீர்வு: மேற்கோளுக்கு முன்னால் பத்தியை மூடுங்கள். மேற்கோள் முடிந்த பின் புதுப் பத்தி திறங்கள். மேற்கோளுக்குள் இரண்டு பத்தி இருந்தால், பிளாக்குவோட்டுக்குள் இரண்டு பி. நேரடி உரையைப் பிளாக்குவோட்டுக்குள் இடலாமா என்றால், 1999-இல் வந்த ஹெச்டிஎம்எல் 4.01-இன் கறாரான வகையில் அது தவறு, இன்றைய விதிப்படி தவறில்லை. ஆனாலும் நீள மேற்கோளுக்கு உள்ளே பி போடுவதையே நான் வலியுறுத்துவேன். பத்திகளின் இடைவெளி எங்கும் ஒரே மாதிரி இருக்கும்.

நீங்கள் ஒழுங்காக எழுதியும் காலிப் பத்திகள் முளைக்கின்றனவா? வேர்ட்பிரஸ்ஸின் பழைய எடிட்டர், வெற்று வரிகளைப் பார்த்து பி டேக்குகளைத் தானே சேர்க்கும். பிளாக்குவோட் டேக்கைத் தனி வரியில் வைத்து, உள்ளே பி டேக்குகளை நீங்களே வெளிப்படையாக இட்டுவிட்டால் அநேகமாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஏதோ ஒரு பிளகின் தலையிடுகிறது. பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் சோதனையை, தளத்தின் நகலில் செய்யத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

## அறிகுறி: மேற்கோள்குறிகளில் குழப்பம்

இரட்டிப்பாக வருகிறது. வரிக்குள்ளேயே வரும் குறு மேற்கோளுக்கான கியூ டேக்கைப் பயன்படுத்தி, மேற்கோள்குறியையும் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். கியூவுக்குப் பிரவுசரே குறி இடும். தட்டச்சு செய்ததை நீக்குங்கள்.

குறியே வரவில்லை. பிளாக்குவோட்டுக்குப் பிரவுசர் குறி இடாது. அது கோளாறு இல்லை. உள்ளே தள்ளி நிற்பதே மேற்கோள் என்பதற்கான அடையாளம். அதற்கு மேலும் குறி வேண்டுமென்பது உங்கள் பாணி.

முதல் மேற்கோளில் இரட்டைக் குறி, அடுத்ததிலிருந்து ஒற்றைக் குறி. சிஎஸ்எஸ்-இல் மேற்கோளின் முன்னால் ‘ஓபன்-குவோட்’ கொடுத்துவிட்டு, பின்னால் ‘குளோஸ்-குவோட்’ கொடுக்காமல் விட்டால் இது நடக்கும். முதல் மேற்கோள் இன்னும் மூடப்படவில்லை என்று பிரவுசர் கணக்கு வைத்துக்கொள்ளும். அடுத்ததை அதற்குள் அடங்கிய மேற்கோளாக நினைத்து ஒற்றைக் குறி இடும். பின்னால் குறி தெரிய வேண்டாம் என்றால் ‘நோ-குளோஸ்-குவோட்’ என்று ஒரு மதிப்பு இருக்கிறது. குறி காட்டாது, கணக்கை மட்டும் சரிசெய்யும்.

வேற்றுமொழிக் குறி வருகிறது. கியூ டேக் எந்தக் குறியை இடுவது என்பதை மொழியைக் குறிக்கும் லாங் (lang) பண்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பக்கத்தின் மொழி பிரெஞ்சு என்று எழுதியிருந்தால் « » வரும். எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டில் மொழி மாற்றாமல் விட்டிருப்பார்கள். பக்கத்தின் மேலே ஹெச்டிஎம்எல் டேக்கில் தமிழுக்கான ஈரெழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள். மேற்கோள் வேறு மொழியில் இருந்தால், அந்தப் பிளாக்குவோட்டுக்கு மட்டும் தனியாக லாங் கொடுங்கள். பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் சரியான குரலுக்கு மாறவும் அது உதவும்.

## அறிகுறி: கைபேசியில் பார்த்தால் மேற்கோள் ஒடுங்கிப்போகிறது, அல்லது பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது

### ஒடுங்கினால்

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாக்குவோட்டின் இயல்பு மார்ஜின் இரு பக்கமும் 40, மொத்தம் 80 பிக்சல். 320 பிக்சல் அகலத் திரையில் கால்வாசி அதிலேயே போய்விட்டது. மேற்கோளுக்குள் மேற்கோள் இருந்தால் 160, பாதித் திரை. பலர் கவனிக்காத இன்னொன்று: படத்தையோ மேற்கோளையோ அதன் விளக்க வரியோடு சேர்த்துக் கட்டும் ஃபிகர் டேக்குக்கும் பிரவுசர் அதே 40 பிக்சல் மார்ஜின் கொடுக்கிறது. ஆக, ஃபிகருக்குள் பிளாக்குவோட் வைத்தாலும் பாதித் திரை காலி. நீளமான தமிழ்ச் சொற்கள் வரிக்கு இரண்டு மூன்று மட்டுமே நிற்கும், படிப்பவர் களைத்துவிடுவார்.

ஃபிகரின் பக்கவாட்டு மார்ஜினைப் பூஜ்யமாக்குங்கள். பிளாக்குவோட்டுக்கு வலப்பக்க மார்ஜினே தேவையில்லை. இடப்பக்கம் 1 எம் அளவும் ஒரு கோடும் போதும். இதைப் பெரிய திரைக்கும் சேர்த்தே எழுதிவிடலாம், திரை அளவுக்கேற்ற தனி மீடியா விதி வேண்டியதில்லை.

### பக்கவாட்டில் நகர்ந்தால்

மேற்கோளுக்குள் உடையாத நீளச் சரம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஒரு இணைய முகவரி. பிளாக்குவோட்டுக்கு ஓவர்ஃப்ளோ-ராப் என்ற பண்பில் ‘எனிவேர்’ என்று கொடுங்கள். அதன் பிறகும் நகர்ந்தால், பிளாக்குவோட்டைச் சுமக்கும் பெட்டி ஃபிளெக்ஸ் அல்லது கிரிட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பெட்டிக்கு மின்-வித் (min-width, குறைந்தபட்ச அகலம்) 0 கொடுங்கள். உரையை நிரலில் உள்ளபடியே காட்டும் ப்ரீ டேக் மேற்கோளுக்குள் இருந்தால் வரி மடங்கவே மடங்காது. அதைப் பற்றி அடுத்த அறிகுறியில் சொல்கிறேன்.

320 பிக்சல் என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. உடற்குறை உள்ளவர்களும் பக்கத்தைப் பயன்படுத்த வழிசெய்ய 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் விதிகள், அந்த அகலத்தில் பக்கவாட்டு நகர்வு இல்லாமல் உரையைப் படிக்க முடிய வேண்டும் என்கின்றன. உங்கள் தளம் அந்த விதிகளுக்குச் சட்டப்படி கட்டுப்பட்டதாக இருந்தால், இந்த ஒரு கோளாறோடு விடாமல் அணுகல் சோதனை செய்பவரிடம் முழுத் தளத்தையும் காட்டுவது நல்லது.

## அறிகுறி: கவிதை வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி உரைநடையாகிவிடுகின்றன

ஹெச்டிஎம்எல் வரி முறிவைச் சாதாரண இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும். வெண்பாவோ புதுக்கவிதையோ, நீங்கள் நிரலில் மடக்கி எழுதிய வரிகளெல்லாம் ஒரே ஓட்டமாகிவிடும். கவிதையில் வரி முறிவு பொருளின் பகுதி. அதை இழந்த மேற்கோள் தவறான மேற்கோள்தான்.

ஒவ்வொரு வரி முடிவிலும் பிஆர் டேக் இடுவது மிக எளிய தீர்வு, எங்கே போனாலும் நிற்கும். ஒவ்வொரு கண்ணியையும் ஒரு பி டேக்கில் வைத்து, கண்ணிக்குள் மட்டும் பிஆர் இடுங்கள். கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டுமென்று இரண்டு மூன்று பிஆர் அடுக்காதீர்கள்.

கவிதைகள் நிறைய என்றால் ஒயிட்-ஸ்பேஸ் பண்பில் ‘ப்ரீ-லைன்’ கொடுக்கலாம். வரி முறிவு மட்டும் காக்கப்படும். வரித் தொடக்கத்தில் உள்ள வேண்டுமென்றே விட்ட இடமும் வேண்டுமென்றால் ‘ப்ரீ-ராப்’. ஆனால் சிஎஸ்எஸ் போகாத ஃபீட் ரீடரில் வரிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் என் கை பிஆர் பக்கம்தான் போகும்.

வரிகளுக்கு நடுவே திடீரென்று இரட்டை இடைவெளி வந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்: பிஆர் ஒரு முறை முறிக்கிறது, ப்ரீ-லைன் இன்னொரு முறை முறிக்கிறது. ஒன்றை எடுத்துவிடுங்கள். ப்ரீ டேக் கவிதைக்கு வேண்டாம். எழுத்துரு மாறும், வரியும் மடங்காது.

## அறிகுறி: யார் சொன்னது என்பது தெரியவில்லை, அல்லது தெரிகிற விதம் சரியில்லை

சைட் என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் இருப்பதுதான் இங்கே குழப்பத்துக்கு வேர். பிளாக்குவோட்டின் திறக்கும் டேக்குக்குள் எழுதும் சைட் பண்பு, மூலத்தின் இணைய முகவரிக்கானது. பிரவுசர் அதைத் திரையில் காட்டாது. அங்கே முகவரியை எழுதிவிட்டு ‘மூலம் கொடுத்தாயிற்று’ என்று நிம்மதியாக இருந்தால் வாசகருக்கு ஒன்றும் போய்ச் சேராது. சைட் டேக் வேறு: அது நூல், கட்டுரை, படம் போன்ற படைப்பின் தலைப்புக்கு.

மூலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், சொடுக்கினால் போக வேண்டும். மூலத்தை எங்கே வைப்பது? ஹெச்டிஎம்எல்-ஐ இப்போது பராமரிக்கும் வாட்விஜி குழுவின் தரத்தின்படி மேற்கோளுக்கு வெளியே. காரணம் நியாயமானது: பிளாக்குவோட்டுக்குள் இருப்பதெல்லாம் மேற்கோளுக்கு உரியவரின் சொல். ‘இதைச் சொன்னவர் இன்னார்’ என்பது உங்கள் சொல். நான் பரிந்துரைக்கும் அமைப்பு இதுதான்:

    <ஃபிகர்>
      <பிளாக்குவோட்>
        <பி>மேற்கோளின் முதல் பத்தி.</பி>
        <பி>மேற்கோளின் இரண்டாம் பத்தி.</பி>
      </பிளாக்குவோட்>
      <ஃபிக்கேப்ஷன்>ஆசிரியர் பெயர், <சைட்>நூலின் பெயர்</சைட்></ஃபிக்கேப்ஷன்>
    </ஃபிகர்>

டபிள்யூ3சி 2014-இல் வெளியிட்ட ஹெச்டிஎம்எல்5 மூலத்தை உள்ளே வைக்கவும், ஆசிரியர் பெயருக்கு சைட் டேக் இடவும் அனுமதித்தது. அதனால் பழைய வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கும். வேர்ட்பிரஸ்ஸின் மேற்கோள் பிளாக்கும் சைட் டேக்கை உள்ளேதான் வைக்கிறது. பக்கம் அதனால் உடைந்துவிடாது. கருவி தானாகச் செய்வதை எதிர்த்து ஒவ்வொரு கட்டுரையிலும் போராட வேண்டாம். கையால் எழுதும்போது வெளியே வையுங்கள்.

நூல் பெயர் கோணலாக, எழுத்துகள் பிடித்துத் தள்ளிய மாதிரி தெரிகிறதா? சைட் டேக்குக்கு இயல்பிலேயே சாய்வெழுத்து. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது, அதனால் நேர் எழுத்தையே பிரவுசர் சாய்த்துக் காட்டுகிறது. கொம்பும் சுழியும் நிறைந்த எழுத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஃபான்ட்-ஸ்டைலை ‘நார்மல்’ ஆக்கிவிட்டு, வேறுபாடு வேண்டுமென்றால் நிறத்தையோ தடிமனையோ மாற்றுங்கள். முழு மேற்கோளையும் சாய்வாக்கும் தீம்களிலும் இதையே செய்யுங்கள்.

## அறிகுறி: மேற்கோளின் நடுவில் கொஞ்சம் உரை காணாமல் போகிறது

மேற்கோளுக்குள் < குறி இருக்கிறதா பாருங்கள். அதற்கு அடுத்து ஆங்கில எழுத்து வந்தால் பிரவுசர் அதை ஒரு டேக் என்று நினைத்து விழுங்கிவிடும். < குறிக்குப் பதில் &எல்டி; என்றும், & குறிக்குப் பதில் &ஆம்ப்; என்றும், ஆங்கில எழுத்தில், எழுதுங்கள். நிரல் பற்றிய கட்டுரைகளை மேற்கோள் காட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மேற்கோளைப் பதிப்பித்ததும் மூலத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுப் படிப்பதுதான் ஒரே நம்பகமான சோதனை.

## அறிகுறி: பின்னணி, கோடு, அலங்காரக் குறி இடம் மாறுகின்றன

இருள் பயன்முறையில் மேற்கோளின் எழுத்து மறைந்தால், பின்னணி நிறம் கொடுத்துவிட்டு எழுத்து நிறம் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். எப்போதும் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

இடப்பக்கக் கோடு, பக்கத்தில் மிதக்கும் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால், பிளாக்குவோட்டுக்கு டிஸ்ப்ளே ‘ஃப்ளோ-ரூட்’ கொடுங்கள்.

பெரிய அலங்கார மேற்கோள்குறி மேற்கோளை விட்டுப் பக்கத்தின் மூலைக்கு ஓடினால், குறிக்கு பொசிஷன் ‘அப்சலூட்’ இருக்கும், பிளாக்குவோட்டுக்கு ‘ரிலேட்டிவ்’ இருக்காது. அதைச் சேருங்கள்.

பின்னணிப் பெட்டியின் மேலும் கீழும் இடம் அதிகமாகத் தெரிந்தால், முதல் பத்தியின் மேல் மார்ஜினையும் கடைசிப் பத்தியின் கீழ் மார்ஜினையும் எடுத்துவிடுங்கள்.

அச்செடுக்கும்போது மேற்கோளுக்கு முன்னால் பெரிய வெற்றிடம் விழுந்தால், எங்கோ பிரேக்-இன்சைட் ‘அவாய்ட்’ என்று இருக்கிறது. நான்கு வரி மேற்கோளுக்கு அது நல்லது, அரைப் பக்க மேற்கோளுக்குக் கூடாது.

## அறிகுறி: திரைவாசிப்பான் மேற்கோளை அறிவிப்பதில்லை

பார்வையில்லாத ஒருவருக்கு உள்ளே தள்ளியிருப்பதோ நிறமோ தெரியப்போவதில்லை. மேற்கோள் தொடங்குகிறது, முடிகிறது என்று திரைவாசிப்பான் சொன்னால்தான் உண்டு. அது சொல்ல வேண்டுமென்றால் நிஜமான பிளாக்குவோட் டேக் இருக்க வேண்டும். டிவ் இருந்தால் மாற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் நீங்களே சோதிக்கலாம். அதன் அமைப்பில் ஆவண வடிவமைப்புப் பகுதியில் பிளாக்குவோட்டை அறிவிப்பதற்கென்று ஒரு டிக் இருக்கிறது. அது அணைந்திருந்தால் டேக் சரியாக இருந்தும் பேசாது, ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

சிஎஸ்எஸ் வழியாகச் சேர்த்த அலங்காரக் குறியைச் சில திரைவாசிப்பான்கள் வாய்விட்டுப் படிக்கும். புதிய பிரவுசர்களில், கான்டென்ட் பண்பில் குறிக்குப் பின் ஒரு சாய்கோடும் காலி மேற்கோள்குறி ஜோடியும் இட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும்.

## அறிகுறி: மேற்கோளே இல்லாத உரை மேற்கோளாகிவிடுகிறது

எழுதும் கருவியில் ‘உள்ளே தள்ளு’ பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். குரோம் பிரவுசரின் உள்ளமைந்த தள்ளும் கட்டளை, உரையைச் சுற்றி பிளாக்குவோட் டேக்கைத்தான் போடும், 40 பிக்சல் இட மார்ஜினோடு. அந்தக் கட்டளையை நம்பியிருக்கும் கருவிகளில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் இன்னொரு அடுக்கு சேரும். சில மின்னஞ்சல் செயலிகளிலிருந்து நகலெடுத்து ஒட்டினாலும் பதில் மடலின் பிளாக்குவோட், டைப் பண்பில் ‘சைட்’ என்ற மதிப்போடு கூடவே வந்துவிடும். ஹெச்டிஎம்எல் பார்வையில் டேக்கை மட்டும் நீக்கி, தள்ளி நிற்க வேண்டுமென்றால் ஒரு கிளாஸும் மார்ஜினும் கொடுங்கள்.

ஒன்றிரண்டு கட்டுரை என்றால் கையால் முடிந்துவிடும். பல வருடத்துக் கட்டுரைகள் முழுக்க இப்படியென்றால், தரவுத்தளத்தில் மொத்தமாகத் தேடி மாற்ற ஆசை வரும். அங்கேதான் நிறுத்த வேண்டும். எது நிஜ மேற்கோள், எது வெறும் தள்ளல் என்பதைத் தேடல் கட்டளையால் பிரித்தறிய முடியாது. நிஜ மேற்கோள்களும் சேர்ந்து அழிந்தால், யாருடைய சொல் எது என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியே இருக்காது. தரவுத்தள வேலை தெரிந்த ஒருவரை அழையுங்கள். முழு நகல் எடுக்கச் சொல்லுங்கள். எல்லா பிளாக்குவோட்டுகளையும் பட்டியலாகத் தரச் சொல்லி, எவற்றை நீக்கலாம் என்பதை நீங்களே குறித்துக் கொடுங்கள்.